சீனன்குடாவிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

தம்பலகாமத்து வயற்காரர் ஒருவர், காணி உறுதி விடயமாக என்னிடம் நெடுநாளாக வந்து போகின்றவர், சென்ற மாரி காலத்தில் தம் மனைவியை இழந்தார். துக்கம் விசாரிக்கச் சென்ற என்னிடம் அவர் அழவில்லை. ஒரு கணக்குக் கேட்டார். "ஐயா, லண்டன் எவ்வளவு தூரம்?" என்றார். கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ 8700 கிலோமீற்றர் என்றும், ஒரே பறப்பில் வந்தால் 11 மணித்தியாலம் என்றும் சொன்னேன். சற்று நேரம் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ்வளவு தூரத்தைப் பதினொரு மணித்தியாலத்தில கடந்து வந்த பிள்ளைக்கு, கட்டுநாயக்காவிலயிருந்து என்ட படலைக்கு வர ஏழரை மணித்தியாலமா ஐயா?" என்றார்.

நடந்தது இதுதான். மகன் லண்டனில் முதல்நாள் இரவு விமானமேறி, மறுநாள் நண்பகல் கழிந்து ஒரு மணியளவில் கட்டுநாயக்காவில் இறங்கினார். குடிவரவு, பொதி, வாடகை வண்டி என்று அங்கே ஒரு மணி நேரம் போயிற்று. குருநாகலில் நெரிசல், ஹபரணை தாண்டியதும் மழை, அதற்கப்பால் வீதியில் யானை. இங்கே வீட்டில் பெரியவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். பொழுது பட்டபின் தீ மூட்டும் வழக்கமில்லை. பிரேதத்தை இன்னோர் இரவு வைத்திருக்கவும் ஏற்பாடில்லை. மாலை ஐந்து மணிக்கு மூத்த பெண்ணின் கணவர் முன்னின்று காரியத்தை முடித்தார். மகன் படலையைத் திறந்தபோது இரவு எட்டரை மணி. கொள்ளி வைக்க வேண்டியவர் காடாற்றுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த வீட்டு முற்றத்திலிருந்து சிறிது தூரம் நடந்து வயல் வரம்பில் நின்றால், சீனன்குடா ஓடுபாதைக்கு இறங்கும் விமானப்படை வானூர்திகளை வெறுங்கண்ணாற் காணலாம் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

கணக்கை நான் வீட்டுக்கு வந்து தாளில் எழுதிப் பார்த்தேன். லண்டனிலிருந்து தம்பலகாமத்துக்கு உள்ள மொத்தப் பயணத்தில், இலங்கை வீதியில் ஓடிய பகுதி நூற்றுக்கு மூன்று பங்கு தூரம். அந்த மூன்று பங்கு தூரமும் அதனோடு சேர்ந்த காத்திருப்பும் விழுங்கியதோ மொத்த நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. கட்டுநாயக்காவுக்கும் சீனன்குடாவுக்கும் இடையே நேர்கோட்டில் 207 கிலோமீற்றரே உண்டு. சிறியதோர் உந்துவிசிறி விமானத்துக்கு இஃது முக்கால் மணி நேரத்துத் தொழில்.

தூரம் என்பது இயற்கை வகுத்தது, அதற்கு யார் என் செய்வர் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். பூகோள உருண்டையின்மேல் இரண்டு ஊர்களுக்கிடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் வருகின்ற கோடே இயற்கை வகுத்த தூரம். அதன்மீது காற்றுத் தன் பங்கைக் கூட்டியும் குறைத்தும் வைக்கும். மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்றின் காரணமாகவே ஒரே இரு நகரங்களுக்கிடையில் போகும் நேரம் ஒன்றாகவும் வரும் நேரம் வேறொன்றாகவும் இருக்கின்றன. இவ்வளவே இயற்கையின் பங்கு. மிகுதி முழுவதும் அரசுகள் வகுத்தவை. 2022 இல் உக்ரைன் போர் மூண்டபின் ருசிய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு அடைக்கப்பட்டது. அதனால் லண்டனுக்கும் தோக்கியோவுக்கும் இடையே 12 மணித்தியாலமளவில் முடிந்த பறப்பு 14 மணித்தியாலமாயிற்று. லண்டன் நகரவில்லை; தோக்கியோவும் நகரவில்லை. ஒரு கட்டளை வந்தது, தூரம் கூடியது.

இதன் மறுபக்கத்துக்கு இத்தீவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலிருந்த விமானப் பாதை அறுந்தது. அவ்வாண்டு ஏப்ரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அன்றே ஹேமீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. வங்கக் கடலும் இந்து சமுத்திரமும் எவருடையவை என்று தெரியாத காலம் அது. அந்த நிலையில், 1943 நடுப்பகுதியில், அவுஸ்திரேலிய குவாண்டாஸ் நிறுவனத்தார் பேர்த் நகரத்தின் சுவான் ஆற்றிலிருந்து நம் தென்கரையிலுள்ள கொக்கலை வாவிக்கு நேரே பறக்கத் தொடங்கினர். 5650 கிலோமீற்றர் தூரம். இடையில் இறங்க ஓரிடமில்லை. கற்றலினா என்னும் நீர்விமானம், வேகம் குறைவு, எரிபொருளே பாரத்தின் பெரும்பகுதி, ஆகையால் பிரயாணிகள் மூவருக்கு மேல் ஏற்றப்படவில்லை. எதிரி கேட்பான் என்று வானொலியை அடக்கி, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டனர். 27 மணித்தியாலம் முதல் 33 மணித்தியாலம்வரை ஆகாயத்திலேயே இருந்தமையால் ஒரே பறப்பில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்களாம். அதற்கென ஒரு சான்றிதழும் பிரயாணிகளுக்குக் கொடுத்தனர். 1945 வரை இவ்வாறு 271 தடவை கடலைத் தாண்டினர் என்பது வரலாறு.

அதே பேர்த் நகரத்திலிருந்து 2018 மார்ச் முதல் லண்டனுக்கு இடைநிற்காமல் விமானம் பறக்கின்றது. 14,500 கிலோமீற்றர், 17 மணித்தியாலம். கொக்கலைக்கு வரவே முப்பது மணித்தியாலம் ஆகிய காலத்தை நினைத்துப் பார்த்தால் வியப்பே மேலிடும். ஆனால் என் வியப்பு வேறொன்றின் மேலது. வேண்டுமென்று ஓர் அரசு நினைத்தபோது, போருக்கு நடுவில், விளக்கின்றி, ஒலியின்றி, ஒரு வாவியைச் சர்வதேச விமான நிலையமாக்க முடிந்தது. வேண்டாமென்று நினைத்தாலோ, நினைக்கவே மறந்தாலோ, இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட ஓடுபாதை கண்முன்னே கிடந்தும் தம்பலகாமத்து மகன் காடாற்றுக்குத்தான் வந்து சேர்வான்.

இனிச் சென்னைக் கணக்கைப் பார்ப்போம். லண்டனும் தொரன்ரோவும் சிலருக்கு. சென்னையும் திருச்சியும் பலருக்கு. வைத்தியத்துக்கும், படிப்புக்கும், கோயிலுக்கும், கலியாணப் புடைவைக்கும், முகாமிற் பிறந்து வளர்ந்த உறவினரைப் பார்க்கவும் நம் மாவட்டத்தார் செல்லும் வெளிநாடு அதுவே. சீனன்குடாவிலிருந்து சென்னை நேர்கோட்டில் 505 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை 645 கிலோமீற்றர். தலைநகரத்தாரைவிட நாம் சென்னைக்கு 140 கிலோமீற்றர் அண்மையில் இருக்கின்றோம். திருச்சியோ இங்கிருந்து 370 கிலோமீற்றருக்கும் உட்பட்டது.

அண்மையில் இருக்கின்ற நாம் என்ன செய்கின்றோம்? வடக்கே போகவேண்டியவர், முதலில் தென்மேற்கே 260 கிலோமீற்றர் பஸ் வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகின்றோம். புகையிரதத்திற் போனால் இரவு முழுவதும் போய்விடும். 1927 இல் இட்ட பாதை மாகோ வரை மேற்கே போய்த்தான் தெற்கே திரும்பும். அதன்பின் மூன்று மணித்தியாலம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்கவேண்டும். அதன்பின் வந்த வழிக்குச் சமாந்தரமாக மீண்டும் வடக்கே பறக்கவேண்டும். 505 கிலோமீற்றர் 900 ஆகின்றது; ஒன்றரை மணி நேரம் அரை நாளாகின்றது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் பாட்டிமார் இதைத்தான் சொன்னார்கள். நோயாளியைப் படுக்கவைத்துக்கொண்டு போகின்ற வண்டிகளையும் நான் கண்டிருக்கின்றேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சென்னை போகும் ஒரு தாய் ஹபரணைச் சந்தியில் வண்டியை நிறுத்தி வாந்தியெடுத்ததைப் பார்த்தவனுக்கு இந்த 900 வெறும் எண்ணாகத் தோன்றாது.

பலாலி இருக்கின்றதே என்பர். உண்மை, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். 1947 டிசெம்பர் 10 ஆம் நாள், இந்நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, எயர் சிலோன் தன் முதற் பறப்பை டக்கோட்டா விமானத்தில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடாத்தியது. போர் அந்தப் பாதையை மூடிற்று. 2019 ஒக்தோபர் 17 இல் பலாலி யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் வந்தது. 2020 இல் கொள்ளைநோய் அதை நிறுத்தியது. 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இரண்டாவது நிறுவனமொன்றும் சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் இறுதியிற் திருச்சிக்கும் பாதை திறந்தது. அங்கிருந்து சென்னை 355 கிலோமீற்றரே. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இது பெரும்பேறு. நாமும் வவுனியா வழியாகச் சுற்றிப் பலாலிக்குப் போய் ஏறலாம். சிலர் ஏறியும் இருக்கின்றார்கள். ஆனால் திருகோணமலையிலிருந்து பலாலிக்கு வீதி வழி ஏறத்தாழ 250 கிலோமீற்றர். மூதூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் அதற்கும் மேல். கட்டுநாயக்காவுக்குப் பதிலாகப் பலாலி என்பது, காலில் தைத்த முள்ளைக் கைக்கு மாற்றுவதாகும்.

இவ்விடத்தில் ஓர் ஆவணத்தை எடுத்துக் காட்டவேண்டியது என் கடமை. 2023 யூலை 21 இல் புதுடில்லியில் இந்தியப் பிரதமர் மோடியும் அப்போதைய இலங்கை சனாதிபதி இரணில் விக்கிரமசிங்காவும் வெளியிட்ட கூட்டு நோக்கறிக்கையில், சென்னைக்கும் திருகோணமலைக்கும், சென்னைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே விமானத் தொடர்பை ஆராய்வதென்று எழுதப்பட்டிருக்கின்றது. நம் ஊரின் பெயரைச் சென்னையின் பெயரோடு சேர்த்து இரண்டு அரசுகள் எழுதின. அதே ஆவணத்தில் திருகோணமலையைச் சக்தி மையமாக்குவதென்றும் எழுதப்பட்டது.

இரண்டாவது வாக்குறுதிக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். சீனன்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 சனவரியிலேயே உடன்பாடு எழுதப்பட்டிருந்தது: 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 61 இருவருக்கும் பொதுவான கம்பனிக்கு, 51க்கு 49 என்ற பங்கில். 2025 ஏப்ரில் 5 இல் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் சேர்ந்து சக்தி மையத்துக்கு ஒப்பமிட்டன. அதே நாளிற் சம்பூர்ச் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. தாங்கிக்குத் தொகை உண்டு, பங்கு உண்டு, கம்பனி உண்டு. மக்களுக்கு 'ஆராய்தல்' உண்டு. சட்டத்தரணியாகப் பல ஒப்பந்தங்களை வாசித்தவன் என்ற முறையில் சொல்லுகின்றேன்: 'செய்வோம்' என்ற சொல்லுக்கும் 'ஆராய்வோம்' என்ற சொல்லுக்கும் இடையிலுள்ள தூரம் சீனன்குடாவுக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரிது. ஆராய்வோம் என்ற சொல்லின்மேல் எவரும் பயணச்சீட்டு விற்பதில்லை. எண்ணெய் பாயும் குழாய்க்கு நாள் குறிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த எண்ணெய்யால் பறக்கும் விமானத்துக்கு நாள் குறிக்கத் தெரியாமற் போனது எவ்வாறு?

சட்டம் என்ன சொல்கின்றது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1944 இல் சிக்காகோவில் எழுதப்பட்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துச் சமவாயத்தில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. அதன் முதலாம் உறுப்புரை, தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளி அந்தந்த அரசுக்கே உரியதென்கின்றது. பத்தாம் உறுப்புரை, வெளிநாட்டு விமானம் சுங்கச் சோதனைக்கென அரசு குறித்த விமான நிலையத்தில் இறங்கவேண்டும் என்கின்றது. 68 ஆம் உறுப்புரை, சர்வதேச விமான சேவை எந்தப் பாதையாற் செல்லவேண்டும், எந்த நிலையத்தைப் பயன்படுத்தவேண்டும் என்பதைக் குறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கின்றது. மூன்றையும் சேர்த்து வாசித்தால் பெறப்படுவது என்ன? சீனன்குடாவில் இறங்கலாமா கூடாதா என்பது மலையோ கடலோ தீர்மானித்த விடயமன்று. கொழும்பில் ஒரு மேசையில் தீர்மானிக்கப்படும் விடயம். ஒரு சுங்கப் பகுதி, குடிவரவு குடியகல்வு அதிகாரிகள் சிலர், சுகாதாரத் தனிமைப்படுத்தற் பகுதி, தீயணைப்புச் சேவை, பிரயாணிகள் இருக்க ஒரு மண்டபம், பொதி சோதிக்கும் கருவி. பலாலியில் 2019 இல் திறந்துவைத்தது ஏறத்தாழ இவற்றைத்தான். அங்கே வந்திறங்கியவை எழுபது பேர்வரை ஏற்றும் ஏ.ரீ.ஆர் விமானங்கள், பெருவிமானங்கள் அல்ல. சீனன்குடாவிலோ சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய சிறு விமானங்கள் அண்மை ஆண்டுகளிற் கட்டுநாயக்காவிலிருந்து வந்து போனதுண்டு. நிலாவெளிக் கடற்கரைக்கு வருகின்றவருக்குத் திறந்த வான், நிலாவெளியில் வாழ்கின்றவருக்கும் திறக்கவேண்டுமென்று கேட்பதில் என்ன பிழை?

இனி எதிர்வாதங்கள். மத்தளையைக் காட்டுவார்கள் என்பதை அறிவேன். 2013 மார்ச்சில் 20 கோடி டொலருக்கு மேற் செலவிட்டு, பெரும்பகுதி சீனக் கடனில், 3500 மீற்றர் ஓடுபாதையுடன் திறக்கப்பட்ட சர்வதேச விமான நிலையம் அது. விமானம் வரவில்லை. 2015 இல் அதன் பொருட் களஞ்சியத்தில் நெல்லை அடுக்கினார்கள். கமக்காரருக்கு ஒருவகையில் மகிழ்ச்சியே. உலகிலேயே விலைகூடிய நெற்களஞ்சியம் நமக்கு வாய்த்தது. மத்தளை தரும் பாடம் என்ன? போகின்றவர் இல்லாத இடத்தில் நிலையம் கட்டாதே என்பது. போகின்றவர் உள்ள இடத்தில், கட்டி முடிந்த ஓடுபாதையைப் பயன்படுத்தாதே என்று அது சொல்லவில்லை.

இரண்டாம் எதிர்வாதம் நம் கமக்காரரிடமிருந்தே வரும், வரவேண்டியதும் நியாயமே. விமான நிலையம் என்று சொன்னதும் முதலில் நினைவுக்கு வருவது விமானமன்று, காணி. 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தை நான் ஓராயிரம் தடவையாவது புரட்டியிருப்பேன். இரண்டாம் பிரிவின்கீழ் ஓர் அறிவித்தல் மரத்தில் ஒட்டப்படும். 38 ஆம் பிரிவின் காப்பு வாசகத்தின்கீழ் 'அவசரம்' என்று ஒரு சொல் எழுதப்பட்டால், நட்டஈட்டுக் கணக்கு முடியுமுன்னரே நிலம் கைமாறும். பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கில் 2013 இல் 6381 ஏக்கருக்கு இவ்வாறு அறிவித்தல் ஒட்டப்பட்டதை நாடே அறியும். நம் மாவட்டத்திலும் சம்பூர் மக்கள் 2006 இல் ஓடிப்போய், 2015 முதல் பகுதி பகுதியாகத் தம் நிலத்தைத் திரும்பப் பெற்றவர்கள். அவர்களிடம் போய் வளர்ச்சி என்ற சொல்லைச் சொல்லுகின்றவன் தலை நிமிர்ந்து சொல்ல முடியாது.

ஆகவே என் நிலையைத் தெளிவாக வைக்கின்றேன். சீனன்குடாவில் ஏற்கெனவே விமானப்படையிடம் உள்ள நிலத்துக்குள்ளேயே, இருக்கின்ற ஓடுபாதையிலேயே, ஏ.ரீ.ஆர் அளவான விமானங்களுக்கே சேவை கேட்போம். பெருவிமானம் இறங்க ஓடுபாதையை நீட்டவேண்டும், அதற்கு வயல் வேண்டும் என்று யாராவது வரைபடத்தை விரித்தால், அன்றைக்கு நான் இந்தக் கட்டுரையை எழுதியவன் என்பதை மறந்துவிட்டு, வயற்காரர் பக்கத்தில் நீதிமன்றத்தில் நிற்பேன். தம்பலகாமத்து மகன் விரைவாக வரவேண்டும் என்பதற்காகத் தம்பலகாமத்துத் தகப்பன் காணியை இழக்கவேண்டுமென்றால், அந்த மகன் பிறகு எங்கே வந்திறங்குவான்? விமானம் வந்தால் நம் வெங்காயமும் இறாலும் மறுநாளே சென்னைச் சந்தையில் பொன்னாகும் என்று மேடையில் சிலர் பேசுகின்றனர். எழுபது பேர் ஏறும் விமானத்தின் வயிற்றில் எவ்வளவு வெங்காயம் கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அந்த வாக்குறுதியை நான் கொடுக்கவில்லை.

மூன்றாம் எதிர்வாதம் என்னை மிகவும் சுட்டது. கிண்ணியாவில் ஒரு கூட்டத்தில் இவ்விடயத்தைப் பேசியபோது, பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுந்தார். "ஆத்தைக் கடக்க வழியில்லாத ஊருக்கு ஆகாயத்தைக் கடக்க வழி கேட்கின்றீர்களே, நானா" என்றார். கூட்டம் அடங்கிவிட்டது. அவர் எதைச் சொன்னார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். 2021 நவம்பர் 23 ஆம் நாட் காலையில் குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியதைக் கட்டும் வேலை நடந்த காலத்தில், பள்ளிப் பிள்ளைகளையும் மற்றோரையும் ஏற்றிச் சென்ற மிதவைப் பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். அந்தக் களப்பின் அகலம் சில நூறு மீற்றர். லண்டனுக்கு 8700 கிலோமீற்றரைத் தவறாமற் கடக்கும் நூற்றாண்டில், பள்ளிக்கூடத்துக்குச் சில நூறு மீற்றரைக் கடக்க முடியாமற் பிள்ளைகள் இறந்தனர்.

அந்த ஆசிரியருக்கு அன்று நான் சொன்ன விடை எனக்கே போதியதாகத் தோன்றவில்லை; பின்னர் யோசித்ததை இங்கே எழுதுகின்றேன். பணம் ஒன்றுக்கே போதுமென்றால் பாலமே முதல்; அதில் எனக்கு ஐயமில்லை. ஒரு பிள்ளையின் காலைப் பயணத்துக்கு முன்னால் என் சென்னைப் பயணம் காத்திருக்கலாம். ஆனால் பாலமும் விமானமும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்று நம்மை நம்பவைத்தது யார்? 2009 இல் கிண்ணியாப் பெரும்பாலம், 396 மீற்றர், சவூதி நிதியிற் கட்டித் திறக்கப்படும்வரை, நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையே மக்கள் தலைமுறை தலைமுறையாக மிதவைப் பாதைக்குக் காத்து நின்றனர். மட்டக்களப்பு வீதி முழுவதிலும் துறைக்குத் துறை காத்து நின்றனர். அந்தக் காத்திருப்பை எந்தத் திணைக்களமும் மணித்தியாலமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத நேரத்துக்கு வரவுசெலவுத் திட்டத்திற் பணம் ஒதுக்கப்படுவதில்லை. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டத் தொடங்குமுன் மாற்று வழி எத்தனை நிமிடம், எத்தனை பேர், எந்த வள்ளம் என்று ஒருவர் எழுதிப் பார்த்திருந்தால் அந்தக் காலை வேறுவிதமாக விடிந்திருக்கும். களப்பின் நேரத்தை எழுதாத அதே கைதான் ஹபரணை வீதியின் நேரத்தையும் எழுதவில்லை.

இதில் இன மத பேதம் பார்க்க இடமில்லை என்பதையும் சொல்லவேண்டும். கந்தளாய்ச் சிங்களக் கமக்காரரும், கிண்ணியா முஸ்லிம் வியாபாரியும், குச்சவெளித் தமிழ் மீனவரும் அந்த ஒரே ஆறாம் இலக்க வீதியில்தான் நோயாளியைக் கொண்டு போகின்றனர். புத்தகாயா போகும் யாத்திரிகருக்கும், சென்னையிற் துணி வாங்கும் வியாபாரிக்கும், அண்ணாமலைச் சர்வகலாசாலைக்குப் போகும் மாணவருக்கும் 505 கிலோமீற்றர் 505 கிலோமீற்றர்தான். கோரிக்கை மனுவில் மூன்று மொழியிலும் கையொப்பம் இருந்தால், கொழும்பு மேசையில் அதைத் தள்ளி வைப்பது சற்றுக் கடினமாகும். இது தந்திரமென்று யாரும் கருதினால், நல்ல தந்திரம்.

எனவே நான் வாசகர்களிடம் கேட்பது பணமன்று, ஊர்வலமுமன்று. கடந்த மூன்றாண்டுகளில் இந்த மாவட்டத்திலிருந்து வெளிநாடு சென்றவர்களும், வந்தவர்களும், நோயாளியைக் கொழும்புக்குக் கொண்டு சென்றவர்களும், வீட்டுப் படலையைத் தாண்டிய நேரம், விமான நிலையத்தை அடைந்த நேரம், விமானம் எழுந்த நேரம், இறங்கிய நேரம், வண்டிக் கூலி ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். பயணச்சீட்டும் கூலிப் பற்றுச்சீட்டும் இருந்தால் பிரதி இணையுங்கள். காணி வழக்குக்கு வரும்போது கொண்டு வாருங்கள். வர இயலாதவர்கள் ஊர்ச் சங்கத்திற் கொடுத்தனுப்புங்கள். அவற்றைச் சத்தியக்கடதாசியாக்கும் வேலை என்னுடையது. அதற்குக் கூலி இல்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில், 2023 யூலை 21 ஆவணத்தின் பிரதியோடு, அந்தக் கட்டை மேசையில் வைப்போம்.

முதலாவது தாள் என்னிடம் ஏற்கெனவே வந்துவிட்டது. தம்பலகாமத்துப் பெரியவர் தம் மகனிடம் கேட்டுக் கேட்டு எழுதுவித்து, தாமே பஸ் ஏறிக் கொண்டுவந்து தந்தார். நான் கேட்ட ஐந்துக்கும் கீழே, நான் கேளாத ஆறாவது ஒன்றையும் அவர் எழுதுவித்திருந்தார்: தீ மூட்டிய நேரம், மாலை 5.